கட்டிலடிப் பெட்டியின் வாசம்

குழந்தைக்கு அன்று நான்காவது நாள்.

மஞ்சள் பருத்திச் சட்டை போட்டிருந்தார்கள். பலமுறை துவைத்து நைந்து, தொட்டாலே மெத்தென்று இருக்கும் பழைய துணி. மார்பில் நூலால் தைத்த ஒரு வாத்து, அதன் கண் இருந்த இடத்தில் நூல் பிரிந்திருந்தது. தோலில் மஞ்சள் எதுவரை இறங்கியிருக்கிறது என்று பார்க்க, ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்த் தூக்கிப் பிடித்தேன்.

அப்போதுதான் அந்த வாசம் வந்தது.

முகத்தைக் கிட்டே கொண்டுபோய் இன்னொரு முறை முகர்ந்தேன். சந்தேகமே இல்லை, என் அம்மாவின் பீரோ. பட்டுப்புடவைகளின் மடிப்புக்குள் அவள் போட்டு வைக்கும் பாச்சை உருண்டையின் வாசம். குவைத்தில், ஃபர்வானியாவின் ஒரு கிளினிக்கில், டெட்டாலுக்கும் ஏ.சி.யின் ஈரத்துக்கும் நடுவில் அது வந்து நின்றபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. குழந்தையின் தாய் என்னைப் பார்த்தாள். நான் சிரிப்பதைப் பார்த்து அவளும் சிரித்தாள்.

இவ்வளவுதான் நடந்தது. அரை நிமிடம்கூட இருக்காது.

இத்தனை வாரங்களாக இந்தத் தொடரில் என்னென்னவோ எழுதிவிட்டேன். மூக்கில் பட்டாணி போட்டுக்கொண்ட பையன், ஊசிக்குப் பயந்து லிஃப்டில் ஏறி மொட்டைமாடிக்கு ஓடிய இரட்டையர்கள். வாசகர்கள் சிரித்தார்கள், நானும் நல்ல டாக்டராகத் தெரிந்தேன். இந்த அரை நிமிடத்தை மட்டும் ஒவ்வொரு வாரமும் ஓரமாகத் தள்ளி வைத்துக்கொண்டே வந்தேன்.

போன மாதம் வாட்ஸப்பில் ஒரு குரல் செய்தி வந்தது. அந்தத் தாய்தான். இப்போது ஊரில், தஞ்சாவூர் மாவட்டத்துக் கடற்கரைப் பக்கம் இருக்கிறாள். பரீதா என்று வைத்துக்கொள்ளுங்கள், பெயரை மாற்றியிருக்கிறேன்.

"டாக்டரம்மா, நல்லா இருக்கியளா? ஒங்க தொடர வாரா வாரம் படிக்கிறேன். எங்களப் பத்தி எப்ப எழுதப் போறிய? எழுதுங்கம்மா. நான் செஞ்ச தப்ப இன்னொரு புள்ளத்தாச்சி செஞ்சிறக் கூடாதுல்ல."

நான் செஞ்ச தப்பு என்கிறாள். அந்தச் சொல்லை அவளிடமிருந்து வாங்கிக்கொள்ளத்தான் இதை எழுதுகிறேன்.

தூசி, வெயில், பம்ப்

முதலில் என் கிளினிக்கைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நேராக விஷயத்துக்கு வர எனக்குத் தைரியம் இல்லை என்றே நினைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது மாடி. கீழே ஒரு சலூன், ஒரு மொபைல் கடை, ஒரு சாப்பாட்டுக் கடை. தூசிக்காற்று அடித்த மறுநாள் காலையில் படிக்கட்டு வரை தாய்மார்கள் நிற்பார்கள். குழந்தைகளின் நெஞ்சில் பூனை கத்துவது போல் வீசிங் சத்தம். இன்ஹேலர் எழுதினால் அப்பாக்களின் முகம் தொங்கிப் போகும்.

"பம்ப்பா? வேணாம் டாக்டர். பழகிரும். சிரப் குடுங்க."

பழகாது என்று பத்து வருடமாகத் தொண்டை வற்றச் சொல்லி வருகிறேன். தலையாட்டிவிட்டு, கீழே மருந்துக் கடையில் சிரப் மட்டும் வாங்கிக்கொண்டு போவார்கள். நான் முன்கோபி, கத்திவிடுவேன். என் நர்ஸ் லிசி, கோட்டயத்துக்காரி, கதவைச் சாத்திவிட்டு வெளியே போய் அவர்களைச் சமாதானம் செய்வாள்.

வெயில் கொளுத்தும் ஊரில் முக்கால்வாசிக் குழந்தைகளுக்கு வைட்டமின் டி குறைவு என்று சொன்னால் ஊரில் யாரும் நம்ப மாட்டார்கள். இரண்டு அறை ஃபிளாட், ஜன்னலில் வெயில் வராமல் அலுமினியத் தாள், ஸ்கூல் பஸ், மறுபடி ஃபிளாட். "டாக்டர் ஆன்ட்டி, மை லெக்ஸ் பெயின்" என்று ஏழு வயதுக் குழந்தை சொல்லும். எங்கே விளையாடுவாய் என்று கேட்டால் கட்டிலைச் சொல்லும். கட்டிலுக்கு மேலேதான் விளையாட்டு. கட்டிலுக்குக் கீழே இடம் இல்லை, அங்கே பெட்டிகள் இருக்கும்.

அந்தப் பெட்டிகளைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். வளைகுடாவில் நம் குடும்பங்கள் எதையும் அலமாரியில் வைப்பதில்லை. லீவு கிடைத்து ஊருக்குப் போவது அடுத்த வருடமோ அதற்கடுத்த வருடமோ, ஆனால் பெட்டி இன்றைக்கே திறந்து கிடக்கும். தள்ளுபடியில் வாங்கிய துண்டு, சோப்பு, தைலம், மச்சினனுக்குச் சட்டை என்று ஒவ்வொன்றாக உள்ளே போகும். இந்த ஊரில் அவர்கள் தங்கவில்லை, காத்திருக்கிறார்கள். மாதக்கணக்கில் மூடிக் கிடப்பதால் பூச்சி அரிக்காமல் இருக்க நாலு மூலையிலும் பாச்சை உருண்டை போட்டு வைப்பார்கள்.

எனக்கும் கட்டிலுக்கு அடியில் இரண்டு பெட்டிகள் இருந்தன. அவற்றிலும் உருண்டை இருந்தது.

பாதியில் நின்ற விரல்

பரீதாவின் கணவர் சாதிக், கீழ்த்தளத்து மொபைல் கடையில் வேலை பார்த்தார். மூத்தவள் பெண், நாலு வயது. இரண்டாவதாகப் பையன் பிறந்ததும் மருத்துவமனையில் செய்த ரத்தச் சோதனையில் ஒரு குறைபாடு தெரிந்தது. டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதியிருந்தார்கள், ஜி சிக்ஸ் பி டி. இந்தப் பக்கத்தில் சாதாரணமாகப் பார்ப்பதுதான்.

சிவப்பணுக்களைக் காக்கும் ஒரு நொதி குறைவாக இருக்கும், அவ்வளவே. தன் போக்கில் விட்டால் பெரும்பாலும் அந்தப் பிள்ளை மற்றப் பிள்ளைகளைப் போலவே வளரும். ஆனால் சில மருந்துகள், சில பொருள்கள் உடம்பில் சேர்ந்துவிட்டால் சிவப்பணுக்கள் மளமளவென்று உடையும். உடைந்தால் மஞ்சள் ஏறும். பச்சைக்குழந்தைக்கு மஞ்சள் அளவு மீறினால் அது மூளையில் போய்ப் படியும். படிந்த பிறகு எடுக்க வழி கிடையாது.

இதற்காகவே என் அறைச் சுவரில் ஒரு பட்டியல் ஒட்டியிருந்தேன். தமிழில், என் கையாலேயே எழுதியது. தவிர்க்க வேண்டிய மருந்துகள் ஆறேழு, பிறகு இந்த ஊரில் காலையில் வேகவைத்துச் சாப்பிடும், மொச்சை போன்ற ஃபூல் பயறு, கடைசி வரியில் பாச்சை உருண்டை. எந்தக் குடும்பம் இந்தச் சீட்டோடு வந்தாலும் பட்டியல் முன்னால் நிற்க வைத்து, ஒவ்வொரு வரியிலும் விரலை வைத்துப் படித்துக் காட்டுவேன். தாளைக் கையில் கொடுத்தால் மடித்துப் பர்ஸில் வைத்துவிடுவார்கள் என்று எனக்கு ஒரு நினைப்பு. விரல் வைத்துச் சொன்னால்தான் மனதில் ஏறும் என்று பெருமையாக மற்ற டாக்டர்களிடம் சொல்லிக்கொள்வேன்.

அந்த நான்காவது நாளும் விரலை வைத்துத்தான் ஆரம்பித்தேன். மருந்துகளை முடித்தேன். ஃபூலுக்கு வந்தேன்.

"ஃபூலா?" என்று சாதிக் திடுக்கிட்டார். "வெள்ளிக்கிழம காலையில எங்க வூட்ல குபூசு ரொட்டியும் அதுந்தான் டாக்டர். இவளுக்கு அதுன்னா உசுரு."

"பால் கொடுக்கிற வரைக்கும் அவங்க தொடக் கூடாது. இவனுக்கு எப்பவுமே கூடாது."

"கலாஸ், முடிஞ்சிச்சு. இனிமே வூட்டுக்குள்ளயே வராது."

அந்த நேரம் வெளியே ஒரு அலறல். லிசி கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். காத்திருந்த ஒரு குழந்தைக்குக் காய்ச்சலில் வலிப்பு. நான் ஓடினேன். ஓடும்போது திரும்பிச் சொன்னேன்: "மீதி ஒரு வரிய அடுத்த தடவ சொல்றேன். நாளன்னைக்கு வாங்க."

மஞ்சள் அளவு அன்று எல்லைக்குள்தான் இருந்தது. நல்ல பிள்ளை, பால் குடிக்கிற பிள்ளை. வலிப்பு வந்த குழந்தையும் பத்து நிமிடத்தில் சரியாகி, பிஸ்கட் கேட்டது. திரும்பி வந்தபோது அவர்கள் போயிருந்தார்கள்.

வலிப்பு வந்ததால்தான் விட்டுப்போயிற்று என்று என்னிடமே பல வருடம் சொல்லிப் பார்த்திருக்கிறேன். அது பாதிப் பொய். பட்டியலைப் படிப்பதற்கு முன்பே நான் அந்த வாசத்தை முகர்ந்தாகிவிட்டது. கடைசி வரியை எழுதிய கை என்னுடையது, முகர்ந்த மூக்கும் என்னுடையது. இரண்டும் ஒன்றையொன்று சந்திக்கவே இல்லை.

கூப்பிட்டது யார்

நாளன்றைக்கு அவர்கள் வரவில்லை. அன்று காலை பிள்ளை பால் குடிக்க மறுத்து, முதுகை வில்லாக வளைத்து, கீச்சென்று ஒரு மாதிரி அழ ஆரம்பித்தானாம். சாதிக் நேராகப் பெரிய மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார். ரத்தம் முழுவதையும் மாற்றினார்கள்.

மதியம் எனக்கு அங்கிருந்து ஒரு ஃபோன். சூடான் நாட்டுப் பெண் டாக்டர், எனக்கு முன்பின் பழக்கமில்லை. வழக்கமான விவரங்களைக் கேட்டார். பிறகு கேட்டார்: "இந்தக் குழந்தையின் துணியில் கழிப்பறை நாற்றம் வருகிறதே, வந்தவுடனே எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உங்களிடம் வந்தபோதும் இந்தத் துணிதானா? நீங்கள் கவனிக்கவில்லையா?"

அவருக்கு அது பொதுக் கழிப்பறையில் போடும் உருண்டையின் நாற்றம். அதனால் முகம் சுளித்தார், முகம் சுளித்ததால் கேட்டார். எனக்கு அது அம்மாவின் பீரோ. அதனால் சிரித்தேன். என் நாற்காலியில் வேறு எந்த ஊர் டாக்டர் உட்கார்ந்திருந்தாலும், அன்றைக்கே அந்தச் சட்டையைக் கழற்றச் சொல்லியிருப்பார்.

"கவனிக்கவில்லை" என்று சொன்னேன். ஃபோனில் முகம் தெரியாது என்பது எவ்வளவு வசதி.

நடந்தது இதுதான். பிறந்த பிள்ளைக்குப் புதுத்துணி போடுவதில்லை என்பது நம் பக்கத்து வழக்கம். முதலில் பழந்துணி, யாராவது போட்டுக் கழித்தது. அக்காள் கைக்குழந்தையாக இருந்தபோது போட்ட சட்டைகள், போர்த்திய துண்டுகள் எல்லாவற்றையும் பரீதா கட்டிலடிப் பெட்டியில் நாலு வருடமாகப் பத்திரப்படுத்தி வைத்திருந்தாள். பிரசவத்திலிருந்து வந்த அன்றே வெளியில் எடுத்தாள். துவைக்கவும் செய்தாள். ஆனால் அந்த வாசம் ஒரு துவைப்புக்குப் போகிற சாதி இல்லை. பெட்டிக்குள்ளிருந்த போர்வையைத் துவைக்கவும் இல்லை, உதறி அப்படியே போர்த்திவிட்டாள். குளிரூட்டிய அறை, ஜன்னல் மூடியிருக்கிறது. இரண்டு நாள் அதற்குள்ளேயே கிடந்தான்.

அந்த வெள்ளிக்கிழமை சாதிக் ஃபூல் வாங்கவில்லை. தனக்கும் வாங்கிக்கொள்ளவில்லை. கைபட்டு வந்துவிடும் என்று, அதே ஃபிளாட்டில் இருக்கும் பக்கத்து அறைக்காரரையும் வாங்க வேண்டாம் என்றாராம். நான் சொன்ன வரை அட்சரம் பிசகாமல் செய்தார்கள்.

கேட்காத காது

பிள்ளை பிழைத்தான். எல்லாரும் அல்லாஹ்வுக்கு நன்றி சொன்னார்கள். நான் மட்டும், எப்படிப் பிழைத்தான் என்று பார்க்கக் காத்திருந்தேன்.

நாலாம் மாதம் தலை நிற்கவில்லை. கைதட்டினால் திரும்பவில்லை. ஆறாம் மாதம் கைகள் தாமாக முறுக்கிக்கொள்ள ஆரம்பித்தன. காது சோதனை அறையில் பரீதா அவனை மடியில் வைத்துக்கொண்டு, மணிச் சத்தத்துக்கு அவன் அசைகிறானா என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் அசையவில்லை. சுவரில் ஓடிய பல்லியைப் பார்த்துச் சிரித்தான். கண் நன்றாக இருந்தது. புத்தியும் நன்றாக இருந்தது, அதுதான் கொடுமை. எல்லாம் புரிகிற ஒரு பிள்ளை, தன் சொல் கேட்காத உடம்புக்குள் மாட்டிக்கொண்டான்.

மூன்று வருடம் என்னிடம் வந்தார்கள். அந்த மூன்று வருடமும் பரீதா ஒரே வாக்கியத்தை விதவிதமாகச் சொன்னாள்.

"எங் கையால வெஷத்த உடுத்துனேன் டாக்டரம்மா."

"துணிய வெயில்ல போட்ருக்கணும். வெயிலுக்கா இந்த ஊர்ல பஞ்சம்?"

ஒருநாள் சாதிக் என் முன்னாலேயே பொறுமை இழந்தார். "அந்தப் பொட்டிய நீ தொறந்திருக்கவே வேணாம்டி." சொல்லிவிட்டு உடனே வெளியே போய் படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டார். அவள் அழவில்லை. "மச்சான் சொல்றது சரிதானே" என்று பிள்ளையின் வாயில் வழிந்த எச்சிலைத் துடைத்தாள்.

அப்போது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். உன் பிள்ளையை முகர்ந்து பார்த்தேன், எனக்குத் தெரிந்திருந்தது, நீ தெரியாமல் செய்தாய், நான் தெரிந்தும் விட்டேன் என்று நாலு வார்த்தை. அதற்குப் பதிலாக என்ன சொன்னேன் தெரியுமா? "இதெல்லாம் யார் கையிலும் இல்லம்மா." அப்பாக்களிடம் இன்ஹேலருக்காகக் கத்தித் தீர்க்கிற வாய் அது.

லைசென்ஸ் போய்விடும் என்ற பயமா? அதுவும்தான். அதைவிட, அவள் கண்ணில் நான் நல்ல டாக்டராக இருந்ததை இழக்க மனம் வரவில்லை. அவள் வேறு யாரையும் நம்பவில்லை, என்னைத்தான் நம்பினாள்.

வீட்டுக்குப் போய் என் கட்டிலடிப் பெட்டிகளை இழுத்து, உருண்டைகளை எல்லாம் பொறுக்கிக் கொட்டினேன். யாருக்கு என்ன லாபம்? என் வீட்டில் குழந்தையே கிடையாது.

வாசலில்

இவனைப் போன்ற பிள்ளைகளுக்கான பள்ளியில் வெளிநாட்டுப் பிள்ளைக்கு இடம் கிடைக்கவில்லை. சாதிக்கின் கடை கைமாறியது, குடும்ப விசா நிலைக்கவில்லை. பரீதாவும் பிள்ளைகளும் ஊருக்குப் போவதென்று முடிவானது. கோப்பின் நகல் வாங்க ஒரு மார்ச் மாதக் காலையில் வந்தாள். வெளியே தூசிக்காற்று, வானம் செங்கல் நிறத்தில் இருந்தது. தள்ளுவண்டி அவனுக்குச் சின்னதாகிவிட்டது, கால்கள் வெளியே தொங்கின.

என் ஸ்டெதாஸ்கோப்பைப் பிடிக்கக் கை நீட்டினான். கை வேறு பக்கம் போனது. மறுபடி நீட்டினான். நான் குனிந்து அவன் விரலில் கொண்டுபோய் வைத்தேன். பெரிய வெற்றி பெற்றவன் போல் சத்தமில்லாமல் சிரித்தான்.

"ஊர்ல யாருகிட்ட காட்டுறதுன்னு எழுதிக் குடுங்கம்மா. இவனுக்கு என்னா ஆச்சுன்னு கேப்பாங்கள்ல. நா சொன்னா அழுதுருவேன்."

எழுதினேன். 'பாச்சை உருண்டையின் நாஃப்தலீன் பட்டதால் ஏற்பட்ட மஞ்சள் காமாலை, அதனால் மூளைப் பாதிப்பு' என்று மூன்று வரி. அதில் எங்கேயும் நான் இல்லை. மடித்து உறையில் போட்டுக் கொடுத்தேன்.

வாசலுக்குப் போனவள் நின்று திரும்பினாள். முகத்தில் அப்படி ஒரு அன்பு.

"ஒண்ணு சொல்லணும் டாக்டரம்மா. ஆஸ்பத்திரியில இவனப் பொறந்ததுலேந்து ஊசி, எடைன்னு ஒரு பார்சலாட்டம் தூக்கிட்டுத் திரிஞ்சாங்க. ஒரு குறை இருக்குன்னு சீட்டு வேற குடுத்துட்டாங்க. நா பயந்துக்கிட்டே ஒங்ககிட்ட வந்தேன். நீங்க புள்ளய மொகத்துகிட்ட வச்சு மோந்து பாத்துட்டு சிரிச்சிய. நெனவு இருக்கா? டாக்டரே சிரிக்கிறாங்க, இனி ஒண்ணுமில்லன்னு அன்னைக்கித்தான் நிம்மதியாத் தூங்குனேன். போர்வைய நல்லாப் போத்தி விட்டுட்டு."

லிசி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் தலையாட்டினேன். "நெனவு இருக்கும்மா" என்றேன். வண்டியின் சக்கரம் லிஃப்ட் வரை கிறீச்சிட்டுக்கொண்டு போனது.

பரீதா, எங்களைப் பற்றி எப்போது எழுதுவாய் என்று கேட்டாயே, எழுதிவிட்டேன். உன் குரல் செய்திக்கு இன்னும் பதில் போடவில்லை, இதுதான் பதில். இன்னொரு தாய் செய்யக்கூடாத தப்பு என்று நீ சொன்னது உன் தப்பு இல்லை. உனக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். சுவரில் எழுதி வைத்திருந்தேன். உன் பிள்ளையை முகர்ந்தேன், என் அம்மாவை நினைத்துக்கொண்டேன், சிரித்தேன். நீ போர்வையை இழுத்துப் போர்த்தியது அதனால்தான்.